இருபது நிமிடத்துக்கு ஒரு காரணம்

வேலைக்கள்ளி என்று பெயர் எடுக்க நான் ஐந்து மாதம் கடுமையாக உழைத்திருக்கிறேன்.

கட்டட வரைபடம் போடும் அலுவலகம். பதினான்கு பேர், பதினான்கு கணினி, ஒரே ஒரு ஜன்னல். அதுவும் சின்ன முதலாளியின் அறையில். நான் சேர்ந்த மறுமாதம் அவர் எல்லாக் கணினியிலும் ஒரு மென்பொருளை ஏற்றினார். பாட்டு, வீடியோ, கடை, செய்தி என்று எந்தத் தளத்தைத் தட்டினாலும் சாம்பல் நிறத்தில் ஒரு பலகை வந்து நிற்கும்: 'வேலையில் கவனம் வையுங்கள்.' நாங்கள் அதைப் பூட்டு என்போம். காரணம் எழுதினால் இருபது நிமிடம் திறக்கும். எழுதிய காரணம் அந்த நொடியே அலுவலகக் குழுவில் எல்லோர் கைப்பேசிக்கும் போய்விடும். "ஒளிவுமறைவு கூடாது பாருங்க" என்றார். அவமானத்துக்கு அவர் வைத்த பெயர் அது.

எனக்கு வீடியோ இல்லாமல் வேலை ஓடாது. அப்பா கட்டடத்தில் செங்கல் சுமந்தவர். வரைபடத்தை அவர் பார்த்தது மேஸ்திரியின் கக்கத்தில் சுருட்டிக் கிடந்தபோதுதான். வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கல்லூரியில் நாற்பது பேருக்கு ஆறு கணினி. யாரோ ஒருவன் இலவசமாகப் போட்டுவைத்த வீடியோக்களைப் பார்த்துத்தான் வரையவே பழகினேன். என்னோடு சேர்ந்த பக்கத்து மேசை ஸ்கேலுக்கு (ஒல்லி என்பதால் அந்தப் பெயர்) இந்தத் தொல்லை இல்லை. அக்கா புருஷன் இன்ஜினியர். சந்தேகம் வந்தால் "அத்தான்" என்று ஒரு போன், முடிந்தது.

முதல் வளைவுப் படிக்கட்டு என் மேசைக்கு வந்தபோது மாட்டிக்கொண்டேன். படி உள்பக்கம் எவ்வளவு குறுகலாம், ஏறுகிறவன் தலை மேல்தளத்தில் இடிக்காமல் எத்தனை படிக்குள் திரும்பிவிட வேண்டும், ஒன்றும் தெரியாது. காரணக் கட்டத்தில் 'வளைவுப் படிக்கட்டு வரையத் தெரியவில்லை' என்று எழுதினேன். பதின்மூன்று கைப்பேசிகள் ஒன்றாக அதிர்வது அனுப்பும் முன்பே காதில் கேட்டது. அழித்தேன். 'பட டிரெய்லர் பார்க்க' என்று அனுப்பினேன்.

குழுவில் சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தன. "யாருடி ஹீரோ?" என்றாள் ஸ்கேல். கேட்டுவிட்டுப் போகட்டும். ஒன்றும் தெரியாதவள் என்பதைவிட வேலைக்கள்ளி என்பது எனக்குக் கௌரவமாக இருந்தது. சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோவைப் பார்த்தேன், வரைந்தேன். ஒரு கோடுகூடத் திருத்தத்துக்குத் திரும்பி வரவில்லை. அதன்பிறகு வளைவுப் படிக்கட்டெல்லாம் என் தலையில்தான் விழுந்தன.

ஆறு மாதம் முடிந்த அன்று, நிரந்தரமா இல்லையா என்று சொல்லச் சின்ன முதலாளி கூப்பிட்டார். கையில் பூட்டு கொடுத்த பட்டியல்.

"நாப்பத்தோரு தடவை திறந்திருக்கே. நாப்பத்தோரும் சினிமா. இது ஆபீஸாம்மா, தியேட்டரா?"

"சினிமா பாக்கல சார். வரையக் கத்துக்கிட்டேன்."

"அப்ப எழுதினதெல்லாம்?"

"பொய்."

"தெரியாதுன்னு எழுத வேண்டியதுதானே?"

"அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பீங்க."

அவர் பட்டியலை மேசையில் போட்டார். "தெரியாமயா வேலைக்கு வந்தே?"

"உங்களுக்கு யார் சார் சொல்லிக்குடுத்தது?"

"எங்கப்பா. இதே ரூம்ல..." நாற்காலியில் நெளிந்தார். "அது வேற விஷயம்."

"அதே விஷயம்தான். என் படிக்கட்டுல ஏதாவது தப்பு இருந்துச்சா?"

"படிக்கட்டு சரி. நீதான் சரியில்ல. இன்னும் மூணு மாசம் பார்ப்போம். பொய் சொன்னதுக்கு."

பொய் சொன்னது நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. பொய்க்கு அளவெடுத்துக் கட்டம் போட்டுக் கொடுத்தவர் யார்?

வெளியே வந்தேன். ஸ்கேலின் மேசையில் காலையில் கொடுத்த நிரந்தரக் கடிதம்.

"என்னடி ஆச்சு?"

"மூணு மாசம் தள்ளிட்டான்."

"அடப்பாவி! சரி, இதை மட்டும் பாரேன். ஒரு கிளினிக்கோட வளைவுப் படிக்கட்டை, பெர்மனென்ட் ஆயிட்டேன்னு எங்கிட்ட குடுத்துட்டாங்க. அத்தானுக்கே பிடிபடல. நாலு மணிக்குப் படம் சைட்டுக்குப் போகணும். உனக்கு அரைமணி நேர வேலைதானே."

"பூட்டைத் திறந்து வீடியோ பாரு."

"குரூப்ல போகுமே, பைத்தியமே! இப்பதான் பெர்மனென்ட் ஆகியிருக்கேன்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

ஐந்து மாதம் என்னைப் பார்த்துச் சிரித்தவள் தன் திரைக்குத் திரும்பினாள். நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு ஒரு கழிவறையின் குழாய்ப் பாதையை வரைந்துகொண்டிருந்தேன்.

மூன்றரைக்குச் சின்ன முதலாளியே வெளியே வந்தார். அவர் காதிலிருந்த கைப்பேசியில் யாரோ கத்துவது எனக்கே கேட்டது. நாளைக் காலை கம்பி கட்ட ஆள் வருகிறது, படம் எங்கே?

"படிக்கட்டு ஆச்சா?"

ஸ்கேல் திரையைப் பார்த்தபடி, "கொஞ்சம் சிக்கலா இருக்கு சார்" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ போட்டுடும்மா."

"பெர்மனென்ட் ஆளுங்க போடட்டும் சார். நான் சரியில்லாதவ."

மற்ற விசைப்பலகைகளெல்லாம் நின்றுவிட்டன.

"மிரட்டுறியா?"

"ஆமா சார். கடிதத்தைக் குடுங்க, படம் தர்றேன். எல்லார் எதிர்லயும்தான் கேக்கறேன். ஒளிவுமறைவு கூடாதுல்ல?"

முகம் கறுத்து உள்ளே போனார். கதவை அறைந்து சாத்தினார். "போச்சுடி உன் வேலை" என்று ஸ்கேல் முணுமுணுத்தாள். போகலாம். வீட்டுக்கு என்ன சொல்வது? கையைச் சுட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

உள்ளே பிரிண்டர் ஒரு தாளை இழுத்தது. அவர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் வீசும்வரை நான் படிக்கட்டுப் படத்தைத் திறக்கவில்லை.