ஆள் இல்லாத படம்

மணி ஐந்து நாற்பது. சூரியன் வர இன்னும் பதினேழு நிமிடம்.

மரக்காணம் உப்பளத்தின் வரப்பில் சக்கரபாணி ஸ்டாண்டை விரித்து கேமராவை மாட்டினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஃபிலிமில் நான்கு படம் மீதி இருந்தது. நான்கில் ஒன்று சரியாக வந்தால் போதும். அந்த ஒன்றில் ஆள் இருக்கக் கூடாது.

அதுதான் அவருக்கு வராமல் இருந்தது.

புதுச்சேரியில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டுடியோ வைத்திருப்பவர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. இந்த இரண்டாயிரத்து ஆறில் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆளுக்கொரு டிஜிட்டல் கேமராவோடு மேடை ஏறிவிடுகிறார்கள். வேறு ஏதாவது பழகலாம் என்று ஆரோவில்லில் நிலக்காட்சிப் புகைப்படப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தார். ஐந்து வாரம், ஐந்து இடம், இடத்துக்கு ஒரு ரோல். கடைசியில் ஆளுக்கு ஒரு படம் கண்காட்சிச் சுவரில் ஏறும். மலை, நீர், மண், வானம் எது வேண்டுமானாலும் இருக்கலாம். மனிதர் இருக்கக் கூடாது.

செஞ்சிப் பாறையில் அவர் எடுத்த நல்ல படத்தின் நடுவில் ஓர் ஆடு மேய்ப்பவர் நின்றார். பிச்சாவரத்தில் படகுக்காரர், பல் தெரிய. கழுவேலி ஏரியில் வலையோடு ஒரு குடும்பம், உயர வரிசைப்படி. ஆரோவில் செம்மண் ஓடையில் ஒருவருமே இல்லை. கழுவிப் பார்த்தபோது ஓடையின் குறுக்கே அவருடைய நிழல் படுத்திருந்தது, தொப்பையோடு.

"சார், உங்களுக்கு மட்டும் எங்கேர்ந்து ஆள் கிடைக்குது?" என்று கேட்டாள் பூவிழி. பயிற்சி நடத்துபவள். வயது இருபத்தேழு.

"நான் கூப்பிடலம்மா. அவங்களா வர்றாங்க."

"உங்களப் பாத்தா முகூர்த்தம்னு நினைச்சிக்கிறாங்க போல."

கண்காட்சி அழைப்பிதழ் அச்சுக்குத் தயாராக இருந்தது. ஏழு பெயர். ஏழாவதைச் சுற்றி பூவிழி பென்சிலில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். இன்று படம் வந்தால் வட்டத்தை அழிப்பாள். வராவிட்டால் பெயரை.

சக்கரபாணியோ ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரிடமும் கண்காட்சித் தேதியைச் சொல்லிவிட்டிருந்தார். மனைவி ஜெயா நேற்று பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பையில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டே சொன்னாள்: "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிட்டு வரப்போறீங்க. சரி, அதையாவது நேரா அடிங்க."

நேற்று மாலை இங்கே உப்பு ஏற்றும் லாரியும் ஆட்களுமாக, ரோலின் முப்பத்தாறில் முப்பத்திரண்டு படம் போயிற்று.

ஆட்கள் விடிவதற்கு முன்பே வந்து வேலையை ஆரம்பித்திருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். நீளக் கம்பின் முனையில் கட்டிய பலகையால் பாத்தியின் அடியில் விளைந்த உப்பை வரப்போரம் இழுப்பார்கள். இழுத்த பாத்தியில் தண்ணீர் கலங்கிவிடும். கண்ணாடி போலத் தெளிந்து நின்றது ஒரே ஒரு பாத்திதான். மேஸ்திரி முருகையனிடம் பூவிழி நேற்றே சொல்லி, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளக் கேட்டிருந்தாள்.

"தாராளமா எடுங்க," என்றார் முருகையன். "காத்து கிளம்பற வரைக்கும் அசையாது. கிளம்பிட்டா உங்க கண்ணாடி போச்சு."

சூரியன் வந்தது. பாத்திக்கு அப்பால் வரிசையாக நின்ற உப்புக் குவியல்கள் தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு வரிசையாக நின்றன. நுனிகளில் மட்டும் லேசான ஆரஞ்சு நிறம். மற்ற ஆறு பேரும் மளமளவென்று எடுத்துவிட்டு டீ தேடிப் போனார்கள். சக்கரபாணி மூச்சை அடக்கி அழுத்தினார்.

அழுத்திய நொடியில் வரப்பில் ஒரு சைக்கிள் குறுக்கே போயிற்று. ஓட்டியவர் ஒரு கையை எடுத்து வணக்கம் வேறு வைத்தார்.

இரண்டாவது முறை, குவியலுக்குப் பின்னாலிருந்து முருகையன் பீடியோடு எழுந்தார்.

"நான் படத்துல வுழுந்துட்டனா சார்?"

"வுழுந்துட்டீங்க."

"நல்லா வுழுந்தனா?"

மூன்றாவது முறை ஒரு மனிதரும் இல்லை. நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் அழுத்தினார். அப்புறம் கேமராவைப் பார்த்தால், நடுவில் உப்புத் தூசுக்குப் போட்ட லென்ஸ் மூடி அப்படியே இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒருமுறைகூட மூடியோடு எடுத்ததில்லை. கல்யாண வீட்டில் ஃபைண்டரில் ஆள் முகம் தெரியாவிட்டால் மூடி இருப்பது தெரிந்துவிடும். இங்கே அவர் ஃபைண்டர் வழியாகப் பார்க்கவே இல்லை. வெளியே தலையை நீட்டி, யாராவது வருகிறார்களா என்று காவல் காத்துக்கொண்டிருந்தார்.

தூரத்திலிருந்து பூவிழி பார்த்தாள். காதில் செருகியிருந்த பென்சிலைத் தொட்டுக்கொண்டாள்.

ஒன்று மீதி.

தெற்கே, நான்கு பாத்தி தள்ளி, தண்ணீரில் முதல் சுருக்கம் விழுந்தது. காற்று. பாத்தி பாத்தியாக வந்துகொண்டிருந்தது.

அவர் குனிந்து ஃபைண்டரில் கண்ணை வைத்தார். குவியல்கள், தலைகீழ்க் குவியல்கள், நடுவில் ஒரு பெண்.

ஐம்பது வயது இருக்கும். புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, மேலே ஆண் சட்டை போட்டு, தலையில் துண்டு சுற்றி, கையில் பலகைக் கம்போடு பாத்தியின் எதிர்முனையில் இறங்கி நின்றாள்.

சக்கரபாணி கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே வலது கையை உயர்த்தி, நான்கு விரலால் காற்றை ஓரமாகத் தள்ளினார்.

"கொஞ்சம் நகருங்கம்மா."

அந்தப் பெண் நகரவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"திரும்பச் சொல்லுங்க."

"கொஞ்சம் நகருங்கம்மா. ஒரே ஒரு படம்தான்."

"அதானே பார்த்தேன்," என்றாள். "குரலு எங்கயோ கேட்ட மாதிரி இருக்குதேன்னு. அந்தக் கையும்."

"வேலம்மா, இன்னாம்மா?" என்றார் வரப்பிலிருந்து முருகையன்.

"எம் பொண்ணு மலர்கொடி கல்யாணத்துக்கு போட்டோ எடுத்தவர்ண்ணே. பாண்டிலேர்ந்து வந்தாரே. பந்தியில ரெண்டு தடவ பாயசம் கேட்டாரே."

முருகையன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அட, ஆமா. அப்ப தொப்பை இல்ல."

சக்கரபாணி நிமிர்ந்தார். மூன்று வருடம் முன்பு. மாப்பிள்ளை பெயர் சரத்குமார் என்பது ஞாபகம் வந்தது. ஆல்பத்தின் அட்டையில் இதயம் போட்டு அந்தப் பெயரை எழுதியவர் சக்கரபாணிதான். மணப்பெண்ணின் முகமும் ஞாபகம் வந்தது. பெண்ணின் அம்மாவின் முகம் வரவில்லை.

"ஆல்பம் நல்லா வந்துச்சாம்மா?"

"அருமையா வந்துச்சு. நூத்தி நாப்பது போட்டோ. சம்பந்தி இருக்கறாங்க, அவங்க வூட்டு நாய் இருக்குது, மைக் செட்டுக்காரன் மூணு எடத்துல இருக்கறான்." வேலம்மாள் கம்பை ஊன்றி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். "நான்தான் இல்ல."

"இருக்காதும்மா. பொண்ணோட அம்மா இல்லாம எப்பிடி?"

"தாலி கட்டற நேரம் தாம்பாளத்தத் தூக்கிக்கிட்டு முன்னால நின்னேன். கொஞ்சம் நகருங்கம்மான்னீங்க. நகந்தேன். மாலை மாத்தும்போது சொன்னீங்க. நகந்தேன். கடேசியா குடும்பத்தோட எடுக்கறோம்னு கூப்புட்டப்ப, நகந்து நகந்து சமையக்கட்டுக்கே போயிட்டிருந்தேன்."

முருகையன் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள்.

"ஒரு போட்டோவுல கை இருக்குது. தாம்பாளத்தப் புடிச்சிக்கிட்டு. வளையல வச்சி அது என் கைன்னு நான் கண்டுபுடிச்சேன். மாப்பிள்ள நம்பல."

சக்கரபாணி தன் வலது கையைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை மேடை, எத்தனை பேரை அந்த நான்கு விரலால் ஓரம் கட்டியிருப்பார் என்று ஒரு கணக்கு உள்ளே ஓடப் பார்த்தது. அதை ஓடவிட நேரம் இல்லை. இரண்டு பாத்தி தள்ளிச் சுருங்கிக்கொண்டிருந்தது தண்ணீர்.

"காத்து வந்துடுச்சு சார்," என்றாள் பூவிழி.

அவர் ஃபைண்டரில் கண்ணை வைத்தார். இன்னும் அசையவில்லை. வேலம்மாள் இரண்டு அடி விலகினால் போதும், ஆள் இல்லாத சுத்தமான ஃப்ரேம். ஐந்து வாரமாகப் பார்க்க முடியாதது. சுவர், ஆணி, ஏழாவது பெயர், எல்லாம் அந்த இரண்டு அடிக்கு அப்பால் இருந்தது.

எதிரே வேலம்மாள் தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். செருகலைத் தளர்த்திப் புடவையை இறக்கிவிட்டாள். விளிம்பு உப்புத் தண்ணீரில் நனைந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டாள். தலைமுடியைக் கையால் ஒதுக்கினாள். கால்களுக்குக் கீழே தலைகீழாக இன்னொரு வேலம்மாளும் ஒதுக்கினாள்.

சக்கரபாணியின் வலது கை தானாக மேலே எழுந்தது. நான்கு விரலும் விரிந்து, பாதியில் நின்றது.

வேலம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"சீக்கிரம் சொல்லுங்க, எனக்கும் வேலை கெடக்குது. நான் நகரணுமா, நிக்கணுமா?"