கண்ணாடிக்குள் வந்த வெயில்

அண்ணன் மேலே, தம்பி கீழே. பல வருடங்களாக அவர்களுடைய பிழைப்பு அப்படித்தான் ஓடியது. புதிதாக எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக்குப் பக்கத்தில் நின்ற டவர் கிரேனை அண்ணன் ஓட்டினான். எங்கே இறக்குவது, எங்கே நிறுத்துவது என்று தரையில் நின்று வாக்கி டாக்கியில் சொல்வது தம்பியின் வேலை. வீட்டில் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. "பகல் பூரா பேசித் தீத்துட்டு இங்க வந்து ஊமையாயிடுறீங்க" என்று அண்ணி கேலி செய்வாள்.

கிரேன் உச்சியில் அண்ணன் உட்கார்ந்த இடம் ஒரு சின்னக் கண்ணாடி அறை. அந்தக் கோடையில் அதன் ஏசி நின்றுபோனது. ரிப்பேர் ஆள் இதோ வருகிறான், அதோ வருகிறான் என்றார்கள். வந்தபாடில்லை. தம்பி இன்ஜினியரிடம் போய் நின்றான்.

"சார், மேல உக்கார முடியலங்கிறாரு. மதியத்துல மட்டும் கொஞ்சம் நிறுத்திக்கலாமா?"

இன்ஜினியர் ஈரமில்லாத மனிதர் அல்ல. அண்ணாந்து பார்த்துவிட்டு, உண்மையிலேயே நம்பித்தான் சொன்னார்: "கீழ நாமதான்யா வேகுறோம். அவ்ளோ உயரத்துல காத்து பிச்சுக்கிட்டுப் போகுது. உங்க அண்ணன் ராஜா மாதிரி உக்காந்திருக்காரு. இந்தத் தளத்தை முடிச்சிடுவோம்."

தம்பிக்கும் அது நியாயமாகவே பட்டது. உச்சியில் கட்டியிருந்த சிவப்புத் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அன்று மதியம் கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, கொஞ்சம் இடது பக்கம்."

"ம்."

கிரேனின் கை வலது பக்கம் போனது.

"அண்ணே, இடதுன்னு சொன்னேன்!"

வாக்கி டாக்கி இரைந்தது. பிறகு அண்ணனின் குரல், தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல வந்தது: "அம்மா கதவைச் சாத்திட்டுப் போயிட்டாங்கடா. தொறக்கச் சொல்லு."

அம்மா இறந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. தம்பி கீழே நின்றவர்களை விரட்டிவிட்டு, "அண்ணே, கையை எடு. எதையும் தொடாத. நான் வர்றேன்" என்று கத்திக்கொண்டே ஏணிக்கு ஓடினான். இரும்புப் படிகள் உள்ளங்கையைச் சுட்டன. ஏற ஏறக் காற்று பலமாகத்தான் வீசியது. சட்டையைப் பிடித்து இழுத்தது. ஆனால் கண்ணாடி அறையின் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்த அனல் முகத்தில் அறைந்தது. அண்ணன் இருக்கையில் சரிந்து கிடந்தான். உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. தொட்டால் காய்ந்து, கொதித்தது. பக்கத்தில் இருந்த பாட்டிலை எடுத்துத் தலையில் ஊற்றினான். அந்தத் தண்ணீரும் சுட்டது.

தீயணைப்புக்காரர்கள் வந்து, ஸ்ட்ரெச்சரில் கட்டி, கயிற்றில் இறக்கினார்கள்.

"உயிருக்கு ஆபத்தில்ல" என்று ஆஸ்பத்திரியில் அண்ணியிடம் சொன்னார் டாக்டர். "ஆனா சூடு மூளையைப் பாதிச்சிருக்கு. முழுசா பழைய ஆளா வருவாருன்னு என்னால சொல்ல முடியாதும்மா."

சுவரோரம் நின்ற இன்ஜினியர், "காத்து அவ்ளோ அடிச்சுதே..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாரும் அவரை ஏசவில்லை. ஏசத் தெம்பில்லை. ரிப்பேர் ஆள் மறுநாளே வந்து ஏசியைச் சரிசெய்துவிட்டுப் போனான்.

அண்ணன் வீட்டுக்கு வந்தான். நடை தள்ளாடியது. சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் பணியவில்லை. மகளை அவன் 'அம்மா' என்று கூப்பிடுவது வழக்கம்தான். இப்போது எந்த அம்மாவைக் கூப்பிடுகிறான் என்றுதான் தெரியவில்லை. வெயில் இனி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், ஜன்னல்களில் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தாள் அண்ணி. பகலிலும் விளக்கு எரிந்தது.

அந்த விளக்கடியில் மகள் பரீட்சைக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்: "சூரியனுக்கும் பூமிக்கும் இடையே வெற்றிடம் உள்ளது. வெப்பம் கதிர்வீச்சாக அதைக் கடந்து வருகிறது."

"இரு இரு" என்றான் தம்பி. "நடுவுல ஒண்ணுமே இல்லாம சூடு எப்படி வரும்?"

"வெளிச்சம் வருதுல்ல சித்தப்பா, அதே மாதிரிதான். காத்து தூக்கிட்டு வரணும்னு இல்ல. காத்து அடிச்சாலும் நிக்காது. கண்ணாடி இருந்தா அதுக்குள்ளயும் பூந்துடும். உள்ள இருக்கிறதெல்லாம் சூடாயிடும், அப்புறம் அந்தச் சூடு வெளிய போக முடியாம..."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று அப்பாவைப் பார்த்தாள். புத்தகத்தை மூடினாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். இவ்வளவும் ஒரு பள்ளிக்கூடப் பாடத்தில் இருந்திருக்கிறது.

"படிம்மா" என்றான் அண்ணன் மெதுவாக. "ஏன் நிறுத்திட்ட?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பொழுது சாய்ந்ததும் அண்ணன் வானத்தைப் பார்க்க வேண்டும் என்றான். தம்பி கைத்தாங்கலாக மொட்டைமாடிக்கு அழைத்துப்போனான். சூரியன் மறைந்திருந்தது. வெறுங்காலைத் தரையில் வைத்த அண்ணன் சட்டென்று தூக்கிக்கொண்டான்.

"வெயில்தான் போயிடுச்சே. இன்னும் ஏன்டா சுடுது?"

"பகல்ல வாங்கின சூடுண்ணே. ஆறிடும்."

"எப்ப ஆறும்?"

தம்பி அண்ணனைப் படியில் உட்காரவைத்துவிட்டுக் கீழே ஓடி, செருப்பை எடுத்துவந்து, குனிந்து ஒவ்வொரு காலாக மாட்டிவிட்டான்.