கியர் விழாத வண்டி

லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கணவரின் இருபத்திரண்டு வயதுக் காரைத் தன் கையாலேயே பாழாக்கிவிட்டோம் என்று அக்கா முடிவு கட்டியிருந்தாள். அவள் முடிவு கட்டிவிட்டால் பிறகு யார் பேச்சும் எடுபடாது. காய்கறி வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, நேராகத் தம்பியின் பட்டறையில் கொண்டுவந்து காரை நிறுத்தினாள்.

தம்பி வேறொரு வண்டியின் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினான். "என்னக்கா, மாமா வரலையா?"

"அவருக்குத் தெரியாது. கியர் விழ மாட்டேங்குது. என்னாலதான் கெட்டுப்போச்சுன்னா உண்மையச் சொல்லிடு. சாவிய இங்கயே வச்சிட்டு பஸ்ல போயிடுறேன். இனிமே ஸ்டியரிங்கத் தொட மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கணவருக்குப் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரை விற்றுவிடலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஐம்பத்து நாலு வயதில் இவள் ஓட்டக் கற்றுக்கொள்ளக் கிளம்பியபோது சிரிக்காத ஒரே ஆள் அவர்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இவளோடு ஊரெல்லாம் சுற்றினார். இப்போது முதல் கியருக்கே மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ரிவர்ஸ் போட்டால் வருகிற சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்க்கிறது. அவரோ, "வண்டிக்கு வயசாச்சும்மா" என்பதோடு சரி. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தம்பி இன்ஜினை அணைத்துவிட்டு கியரைப் போட்டுப் பார்த்தான். ஒன்று, இரண்டு, ரிவர்ஸ், எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்தன. இன்ஜினை ஓடவிட்டுப் போட்டான். அசைவேனா என்றது.

"கியர்பாக்ஸ் நல்லா இருக்குக்கா. கிளட்ச்தான் முழுசா விடுபடல."

"அப்போ கிளட்சத் தேய்ச்சுட்டேன்!"

"தேய்ஞ்சா வேற மாதிரி. மேட்டுல இன்ஜின் கத்தும், வண்டி நகராது. அப்படியா இருக்கு?"

"இல்ல."

"அப்போ சும்மா இரு. குற்றவாளிக்கூண்டுல நீயே ஏறி நிக்காத."

பானெட்டைத் திறந்தான். கிளட்ச் ஆயில் குறையவில்லை. எங்கும் ஒழுகலும் இல்லை. பிறகு அவளை சீட்டில் உட்காரவைத்து, கதவோரம் குந்தினான்.

"கிளட்ச முழுசா மிதி."

"மிதிச்சுட்டேன்."

"முழுசான்னேன்."

"இதுக்கு மேல மிதிச்சா கால் ரோட்டுலதான் படும்!"

தம்பி கையை உள்ளே விட்டு கால் வைக்கும் ரப்பர் விரிப்பைத் தூக்கினான். அடியில், நாலாக மடித்து ஓரமெல்லாம் கோணல்மாணலாகத் தைத்த தடித்த சாம்பல் நிறக் கம்பளி. பெடல் அதில் இடித்து, தரைக்கு மூன்று விரற்கடை மேலேயே நின்றுவிடுகிறது.

"எந்தப் புத்திசாலி வச்ச மெத்தை இது?"

அக்கா குனிந்து பார்த்தாள். அது கணவருடைய போர்வை. இரண்டு மாதமாகக் காணோம். கேட்டதற்கு, "சலவைக் கடையில தொலைச்சுட்டாங்க. எனக்கு இப்பல்லாம் குளிர்றதே இல்ல" என்றவர், சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு படுத்தார். லைசென்ஸ் வாங்கிய புதிதில், வண்டியின் தரைத் தகடு சுட்டுக் குதிகால் எரிகிறது என்று ஒரே ஒருநாள் இவள் சொல்லியிருந்தாள். பிறகு எரிச்சல் நின்றது. புதுச் செருப்பின் மகிமை என்று நினைத்தாளே, அவள் தலையில் நாமே ஒரு குட்டு வைக்கலாம். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு மனிதர் ஊசியில் நூல் கோத்திருக்கிறார்.

"தூக்கிப் போட்டுடவா?"

"தொட்டுப் பாரு, தெரியும் சேதி!" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெடல் இறங்குற இடத்த மட்டும் வெட்டு. குதிகால் வைக்கிற இடம் அப்படியே இருக்கட்டும்."

தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான். கேலியை விழுங்கிக்கொண்டு, கம்பளியை அளவாக வெட்டி, நகராதபடி தரையோடு ஒட்டிக் கொடுத்தான்.

மாலையில் கணவர் வழக்கம்போல் பக்கத்து சீட்டில் ஏறினார். முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

"அட! தம்பிகிட்ட காட்டினியா? என்ன கோளாறாம்?"

"உங்க தையல்தான். கண்றாவி."

அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, மங்கலாகத் தெரிந்த கடைகளையெல்லாம் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"இப்போ நேரா போர்வைக் கடைக்குப் போறோம்" என்றாள். "நான்தான் ஓட்டுவேன். நாளைக்கும் நான்தான்."

முன்னால் பெரிய திருப்பம் வந்தது. இல்லாத பிரேக்கை மிதிக்க அவர் மறந்தே போனார்.