அறுபத்திரண்டு வீட்டுக் கொசுறு

எங்கள் துறைமுகத்து கேட்டில் ஆள் கிடையாது. லாரி வந்து நின்றதும் கேமரா கன்டெய்னரின் நம்பரைப் படிக்கும், தரையே எடை பார்க்கும், எக்ஸ்ரே உள்ளே எட்டிப் பார்க்கும். நாற்பது விநாடியில் பச்சை விளக்கு எரிந்துவிடும். அதற்கப்புறம் ஓட்டுநர் இல்லாத வண்டி அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கப்பலுக்குப் பக்கத்தில் வைக்கும். எங்கே வைக்க வேண்டும், எத்தனையாவதாக ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் முந்தின நாளே முடிவாகியிருக்கும்.

சிவப்பு எரிந்தால் மட்டும் என் தலையில் விழும். என் பெயர் நெலிதா. மிஷின் முழிக்கிற பெட்டிகளையெல்லாம் பார்க்கிற மேசை என்னுடையது. ஆயிரத்து நானூறு பெட்டி ஏறுகிற நாளில் எனக்குப் பத்து வரும். அந்தப் பத்தில் ஒன்பது பேர் பொய் சொல்வார்கள். நான் ஒரு காலத்தில் நல்ல மனுஷியாகத்தான் இருந்தேன். இந்த வேலைக்கு வந்த நாலு வருஷத்தில் அந்த ஒன்பது பேரும் சேர்ந்துதான் என்னைக் கெடுத்துவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு ஒரு சிவப்பு வந்தது. லிமாவுக்கு வடக்கே இருக்கிற காஸ்மா பள்ளத்தாக்கிலிருந்து மாம்பழம். ஷாங்காய் போகும் கப்பல். எழுதிக் கொடுத்த எடையைவிட இருநூற்றெழுபது கிலோ அதிகம். இருநூறு வரைக்கும் மிஷின் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஒரு கிலோ ஆனாலும் கேட்காது. எக்ஸ்ரேயில் கதவை ஒட்டி, பட்டியலில் இல்லாத சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகள் தெரிந்தன.

எங்கள் கடற்கரையில் பட்டியலில் இல்லாத பெட்டி என்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான். மாம்பழத்துக்கு நடுவே வெள்ளைப் பொடி. சுங்க அதிகாரி திர்சோவுக்குப் போன் போட்டேன். நாயோடு வரச் சொன்னேன்.

சோதனைக் கொட்டகைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது லாரியிலிருந்து ஒரு பெண் இறங்கி நின்றாள். முப்பத்தெட்டு, நாற்பது வயசு இருக்கும். துறைமுகத்துக்காரர்கள் கொடுத்த மஞ்சள் சட்டை அவளுக்கு முழங்கால் வரைக்கும் தொங்கியது. எதெல்மிரா லோலி, விவசாயிகள் சங்கத்துத் தலைவி என்று அவளே சொன்னாள்.

"அந்தப் பெட்டியெல்லாம் என்ன?" என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"எந்தப் பெட்டி மேடம்?"

"கதவுப் பக்கத்துல இருக்கே, அது. எக்ஸ்ரேயில எல்லாம் தெரியுது. நடிக்காதே."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, அதுவா! அது கொசுறு."

"என்னது?"

"கொசுறு மேடம். முதல் தடவையா எங்க பேர்ல சரக்கு போகுது. இத்தன வருஷமா தரகர் வாங்கி அவர் பேர ஒட்டி அனுப்பினாரு. இப்பதான் நேரடியா ஒருத்தர் வாங்குறாரு. முதல் போணிக்கு வெறும் எடையப் போட்டு அனுப்புனா நல்லாவா இருக்கும்? வீட்டுக்கு ஒரு பெட்டி கொடுத்தாங்க. அறுபத்திரண்டு வீடு."

ஒன்பது பொய்க்காரர்களைக் கேட்ட காது என்னுடையது. நம்பவில்லை. திர்சோ முத்திரைப் பூட்டை வெட்டிக் கதவைத் திறந்தான். நாய் மூக்கை நீட்டி மோந்தது, இரண்டு சுற்றுச் சுற்றியது, அலுத்துப்போய் உட்கார்ந்துகொண்டது. திர்சோ ஐந்தாறு பெட்டிகளைக் கிழித்தான். பழங்களை வெட்டினான். மாம்பழம், மாம்பழம், மாம்பழம். பெட்டி ஒவ்வொன்றிலும் தடித்த மையில் ஒரு குடும்பத்தின் பெயர் இருந்தது.

"தானமாக் கொடுத்த மாட்டைப் பல்லப் புடிச்சுப் பார்த்த கதையால்ல இருக்கு," என்றான் திர்சோ. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாற்பது வீட்டுக்காரர்கள் மட்டும் கொடுத்திருந்தால் மிஷினுக்கு விஷயமே தெரிந்திருக்காது. ஊரே கொடுத்ததுதான் வினையாகப் போயிற்று.

"அடுத்த கப்பல் எப்போ?" என்று எதெல்மிரா கேட்டாள்.

"எட்டு நாள் கழிச்சு."

அவள் மலர்ச்சி அப்படியே வடிந்துவிட்டது. "எட்டு நாள்ல பழம் கனிஞ்சிடும். இந்தக் கப்பல்ல வரலைன்னா வேண்டாம்னு வாங்குறவரு எழுதியே கொடுத்திருக்காரு. திரும்பவும் தரகர் வாசல்லதான் போய் நிக்கணும்."

"சும்மா அழாதே. வழி இருக்கு," என்றேன். உண்மையில் அவள் அழவில்லை. என் பாட்டுக்குச் சொல்லிவைத்தேன். "பட்டியலத் திருத்திடலாம். இங்கயே, பத்து நிமிஷத்துல. அறுபத்திரண்டு பெட்டி மாம்பழம்னு ஒரு வரி சேத்துட்டா பச்சை வந்துடும்."

கையோடு இருந்த கருவியில் அந்த வரியை எழுதினேன். விலை என்ற இடத்தில் பூஜ்யம் போட்டேன். ஏற்கவில்லை. விலை இல்லாத சரக்கு என்று ஒன்று அந்தப் படிவத்துக்குத் தெரியாது.

"ஒரு சென்ட்னு போட்டுடறேன். கையெழுத்துப் போடு."

"வேண்டாம் மேடம்."

"என்ன வேண்டாம்?"

"விலை போட்டா அது வித்ததா ஆயிடுமே. அவங்க விக்கச் சொல்லி எங்கிட்டக் கொடுக்கல."

எனக்குக் கோபம் உச்சிமண்டைக்கு ஏறிவிட்டது. "அடி பைத்தியக்காரி! ஒரு சென்ட்டும்மா! அதக் கீழ போட்டா பிச்சைக்காரன்கூட எடுக்க மாட்டான். அதுக்காக ஒரு கன்டெய்னரையே விடுவியா? சரி, போன் போட்டு உங்க ஆளுங்களக் கேளு."

"கேட்டா சரின்னுடுவாங்க. அதனாலதான் கேக்க மாட்டேன்." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "சந்தையில கொசுறுக்குக் காசு கேட்டா செருப்பால அடிப்பாங்க, காசேரா."

காசேரா என்று, சந்தைக்காரி வாடிக்கைக்காரியைக் கூப்பிடுகிற பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். வேறு யாராவது வேலை நேரத்தில் அப்படிக் கூப்பிட்டிருந்தால் நடப்பதே வேறு. அன்றைக்கு என்னவோ வேறு வழி யோசித்தேன்.

"அப்ப பதினாறு பெட்டிய இறக்கிடு. இருநூறுக்குள்ள வந்துடும். மிச்சம் போகட்டும்," என்றேன். திர்சோவைப் பார்த்தேன்.

"எனக்குப் பொடி இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பச்சை எரிஞ்சா மாம்பழத்த எண்ணுறது என் வேலை இல்ல," என்றான் அவன்.

எதெல்மிரா பெட்டிகளின் முன்னால் போய் நின்றாள். "எந்தப் பதினாறு?" என்றாள். "டெல்ஃபின் வீட்டதா? அவருக்கு மொத்தமே முப்பது மரம். இது ஹூலியானா. தரகர்கிட்டக் கடன் இருந்தும் எங்களோட வந்து சேந்தா. இவங்க பேர எடுத்து வெளிய வச்சுட்டு ஊருக்குப் போய் நான் என்னன்னு சொல்றது?"

மணி பதினொன்று. இன்னும் அரை மணி நேரத்தில் அந்தக் கன்டெய்னரின் முறை. கப்பலின் வயிற்றில், நாலாவது அடுக்கில் அதற்கு இடம் போட்டிருந்தது. முறை தவறினால் அதன் இடத்துக்கு மேல் வேறு பெட்டிகள் ஏறிவிடும். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. சொன்ன நேரத்துக்குக் கப்பலை அனுப்புகிறோம் என்பதுதான் நாங்கள் விற்கும் சரக்கு. எங்கள் வாடிக்கையாளர் கப்பல் கம்பெனி. மாம்பழக்காரர்கள் கம்பெனியின் வாடிக்கையாளர்கள். வாங்குகிறவர் மாம்பழக்காரர்களின் வாடிக்கையாளர். இப்படி வரிசையாக நிற்கும்போது எதெல்மிரா எனக்கு யாருமில்லை. நாலு வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லித்தான் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

எதெல்மிரா மனசுக்குள் ஏதோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று திரும்பினாள். "பெட்டிக்குப் பத்துப் பழம். ஒவ்வொண்ணுலயும் மூணு எடுத்துட்டா? எல்லார் வீட்டதும் போகும். கொஞ்சம் கொறைஞ்சு போகும், அவ்வளவுதானே?"

"அறுபத்திரண்டு பெட்டியையும் பிரிச்சு மூடணும்மா! ஒரு மணி நேரமாவது ஆகும்!"

"நாலு பேர் இருக்கோமே."

நாலு பேர் யார் என்று பார்த்தேன். அவள், லாரி ஓட்டுநர், திர்சோ, நான். என்னைக் கேட்காமலே என்னையும் சேர்த்துவிட்டாள். என்ன நெஞ்சழுத்தம்!

லிமாவில் இருக்கும் கப்பல் கம்பெனியின் ஆள் மௌரோவுக்குப் போன் போட்டேன்.

"மௌரோ, ஒரு கன்டெய்னரோட இடத்த வயித்துலேர்ந்து மேல்தளத்துக்கு மாத்தணும். கிரேன் அதக் கடைசியாத் தூக்கட்டும்."

"எத்தன பெட்டி?"

"ஒண்ணு."

"ஆயிரத்து நானூறுல ஒண்ணா? நெலிதா, உனக்கு உடம்பு சரியில்லையா? போன மாசம் நான் பன்னெண்டு பெட்டிக்குக் கெஞ்சினப்ப என்ன சொன்ன? சட்டம் பேசினியே!"

"பேசினேன். இப்ப நான் கெஞ்சறேன். நீயும் பேசித் தீத்துக்கோ."

சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது. "பெட்டியில அப்படி என்ன இருக்கு?"

"மாம்பழமும் கொசுறும்."

"பன்னெண்டு இருபதுக்குக் கடைசித் தூக்கு. பன்னெண்டு அஞ்சுக்கு உன் பெட்டி பச்சையாகலைன்னா கப்பல் கிளம்பிடும். அப்புறம் என்னத் திட்டக் கூடாது," என்று வைத்துவிட்டான்.

கையுறையை மாட்டிக்கொண்டேன். ஓட்டுநர் இறக்கித் தந்தார். நாங்கள் மூன்று பேரும் பிரித்தோம், எடுத்தோம், மூடினோம். எதெல்மிரா பழத்தை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் பெட்டிமேல் இருக்கும் பெயரைப் பார்த்து "மன்னிச்சுக்க" என்றாள். முதலில் எரிச்சலாக இருந்தது. இருபதாவது பெட்டியில் நானும் முணுமுணுப்பதைத் திர்சோ கேட்டுவிட்டான். குனிந்து அடுத்த பெட்டியைப் பிரித்தான்.

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு இன்னும் பதினான்கு பெட்டி பாக்கி. நேரம் பத்தாது. அவற்றில் இரண்டிரண்டு மட்டும் எடுத்து, எல்லாவற்றையும் உள்ளே ஏற்றினோம். கன்டெய்னரின் கதவைச் சாத்தி, லாரியை எடைமேடைக்குக் கொண்டுபோனோம்.

சிவப்பு. அதிகம், இருநூற்றிரண்டு கிலோ.

"யோவ், நீ கீழ இறங்கு!" என்று ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினேன்.

"நான் உங்க பக்கத்துலதான் நிக்கிறேன் மேடம்," என்றார் அவர்.

மணி பன்னிரண்டு ஒன்று. எதெல்மிராவிடம், "ஒரே ஒரு பெட்டிய இழு, போதும். எதுவானாலும் சரி! ஓடு!" என்றேன். திர்சோ கதவைத் திறந்தான். அவள் தாவி ஏறினாள். முன்னால் கைக்கெட்டும் தூரத்தில் பத்துப் பெட்டி இருந்தது. அவள் ஒன்றையும் தொடவில்லை. மேலடுக்கைத் தள்ளினாள், நடுவே கையை விட்டாள், பெயர் பெயராகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"என்னடி தேடற அங்க? கப்பல் போகுது! கைக்கு வந்தத எடுடி!"

"இருங்க," என்றாள்.

"என்னத்த இருக்கறது! ஊரையே கெடுத்துடுவ போலிருக்கே!"

ஒரு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கீழே குதித்தாள். கதவு மூடியது. திர்சோ புது முத்திரைப் பூட்டைப் போட்டான். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. பன்னிரண்டு நாலுக்குப் பச்சை எரிந்தது.

ஓட்டுநர் இல்லாத வண்டி வந்து கன்டெய்னரை வாங்கிக்கொண்டு போயிற்று. மாடி அறையில் திரையைப் பார்த்தே கிரேனை ஓட்டும் யாரோ ஒருவர் அதை மற்ற ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதைப் போலவே தூக்கி மேல்தளத்தில் வைத்தார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

எடுத்த பழங்களை அழித்துவிட வேண்டும் என்பது விதி. திர்சோ தாளில் "அழிக்கப்பட்டது" என்று எழுதினான். அவன் தாடையில் சாறு வழிந்தது. ஓட்டுநரும் நானும் எங்களால் ஆனமட்டும் சட்டத்துக்கு ஒத்துழைத்தோம்.

எதெல்மிரா சாப்பிட வரவில்லை. சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். நல்லபடியாக நாலு வார்த்தை திட்டிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் அவளிடம் போனேன். மடியில் அந்தப் பெட்டி இருந்தது. அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன். லோலி குடும்பம். அவள் வீட்டுப் பெட்டி. கீழே ஏதோ ஒரு குழந்தையின் கை கோணல்மாணலாக ஒரு மாமரம் வரைந்திருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போது அவள் போன் அடித்தது. ஊரில் எல்லோரும் ஒரே இடத்தில் கூடி நிற்கிறார்கள் போலிருந்தது, அத்தனை இரைச்சல். அதற்கு நடுவே ஒரு ஆள் தொண்டை கிழியக் கேட்டார்: "எதெல்மிரா! ஏறிடுச்சா? எல்லார் வீட்டதுமா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் வேலை பொய்யைப் பிடிப்பது. தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"ஏறிடுச்சு," என்றாள், பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "ஒரு வீடு பாக்கியில்லாம எல்லாரோடதும் ஏறிடுச்சு."