குளம் மாதிரி கிடந்த கடல்

1

“அந்த அலையை எடுத்துரு. அன்னைக்குக் கடல் குளம் மாதிரி கிடந்துச்சு.”

எடுத்துவிட்டேன். முதல் வரியிலேயே ஒரு புயலை வைத்திருந்தேன். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளுகிறவள் நான். கடல் என்றால் கொந்தளித்தாக வேண்டும் என்று நினைத்தேன். சொன்னவன் என் அண்ணன், சரக்குக் கப்பலில் தலைமைச் சமையல்காரன். விபத்து விசாரணையில் தனக்கு வாய் வராது, எழுதிக் கொடு என்று கேட்டவனும் அவன்தான். அது எப்படியோ என் கையில் கதையாகிவிட்டது.

2

நடந்தது இவ்வளவுதான். அடுப்புப் பிசுக்கை அறுக்கும் காரத் திரவம், பார்க்கத் தண்ணீர் மாதிரி, பெரிய கேனில் வரும். ஒவ்வொரு முறையும் கேனைத் தூக்கச் சோம்பல்பட்டு, அண்ணன் கொஞ்சத்தைக் காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மேடையில் வைத்தான். பெயர் எழுதி ஒட்டவில்லை. ஐந்து நிமிடத் துடைப்பு வேலைதானே என்ற நினைப்பு. ரொட்டி சுடுபவர், கப்பலில் எல்லோருக்கும் ‘மாவு’, வெக்கையில் வந்து, தண்ணீர் என்று ஒரு மடக்கு குடித்தார். தொண்டை வெந்துவிட்டது.

(கையுறை போட்டிருந்தாயா என்று கேட்டேன். “கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டிருந்தேன். என்னை நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்.” அதற்குப் பிறகு அரை நாள் நான் எழுதவில்லை.)

3

வேறு முடிவுகளும் முயன்றேன். ஒன்றில், மாவு கை நீட்டும்போது கப்பல் குலுங்கி, பாட்டில் உருண்டு...

வேண்டாம். கடல் குளம்.

இன்னொன்றில், பாட்டிலை நிரப்பியது யாரென்று கடைசிவரை தெரியாது. அது நன்றாகவே வந்திருந்தது. அண்ணன் படித்துவிட்டு, கம்பெனி அறிக்கையும் இப்படித்தான் இருக்கிறது, நீ அங்கேயே வேலைக்குச் சேரலாம் என்றான்.

அந்த அறிக்கைப்படி தப்பு மாவுடையது, பார்க்காமல் குடித்தாராம். அதுவே நிலைத்துவிட்டால் அவரை இனி எந்தக் கப்பலிலும் ஏற்ற மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் ஏற முடியாமல் போவது அண்ணன். யோசித்துச் செய் என்றேன். யோசிக்காமல் செய்ததற்குத்தான் இது என்றான்.

4

முடிவை நான் எழுதப்போவதில்லை. அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான். மறுமுனையில் மாவு. தொண்டை இன்னும் ஆறவில்லை, பேச முடியாது. சரி என்றால் போனில் ஒரு தட்டு தட்டுவார். முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் படித்தேன். அண்ணன் போன் பக்கம் குனிந்தான். நீங்களும் காதைக் கொடுங்கள்.

“மாவு, திங்கக்கிழமை விசாரணையில இதைத்தான் சொல்லப்போறேன். எதையும் ஒளிக்கலைன்னு தோணுச்சுன்னா, ஒரு தட்டு தட்டுடா.”