இருட்டை வெளுத்த மானிட்டர்

அக்காவின் கண்ணில் எந்தக் குறையும் இல்லை. பெரியம்மா, மாமா, எல்லோரும் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மீதியைச் சொல்வதற்குள் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளலாம்.

வீட்டில் பழைய மானிட்டர் செத்துப்போனபோது, புதிதாக எதை வாங்கலாம் என்று என்னைத்தான் கேட்டார்கள். குடும்பத்தில் கம்ப்யூட்டர் படித்தவன் நான். படித்தது அது, ஊரைவிட்டு வந்து இங்கே செய்வது சலவைக்கூடத்தில் ஹோட்டல் விரிப்புகளை மடிப்பது.

பகலெல்லாம் அந்தத் திரை அக்காவுக்கு. ஸ்டுடியோக்காரர் அனுப்பும் படங்களை வீட்டிலிருந்தே திருத்தி அச்சுக்கு அனுப்புவாள். மாலையில் தம்பி அதில் கம்ப்யூட்டர் கேம் விளையாடுவான். லீவு நாளில் நானும் இங்கிருந்து இணையத்தில் அவனோடு சேர்ந்துகொள்வேன். வாரம் முழுக்க நான் வாய்விட்டுச் சிரிப்பது அந்த இரண்டு மணி நேரம்தான்.

கடையிலிருந்து தம்பி வீடியோவில் இரண்டு மானிட்டர்களைக் காட்டினான். ஒன்றில் நிறம் சுத்தமாக இருக்கும், வேகம் குறைவு. மற்றது விளையாட்டுக்கென்றே செய்தது. அக்கா அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“எனக்கு விளையாட்டெல்லாம் தெரியாதுடா. படத்துல இருக்கிற நிறம் அப்படியே தெரிஞ்சா போதும். எது நல்லது?”

“ரெண்டும் ஒண்ணுதான் அக்கா.”

“அப்ப இவன் ஆசைப்படறதையே எடுத்துக்கலாம்.”

இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும்.

தம்பி எடுத்ததில் ஒரு வசதி உண்டு. இருட்டை மட்டும் வெளுத்துக் காட்டும். மூலையில் பதுங்கியிருக்கும் எதிரியும் தெரிவான். அதைக் கடைசிவரை ஏற்றி வைக்கச் சொன்னது நான். விளையாடி முடித்ததும் இறக்கச் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை.

ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்புப் படங்கள் அச்சாகி வந்தன. அவள் திரையில் வெளிச்சமாகத் தெரிந்த பின்வரிசை, காகிதத்தில் நிழலுக்குள் மூழ்கியிருந்தது. ஒரு தாய் ஸ்டுடியோவுக்கே வந்து, “இதுல என் பிள்ளை எங்கன்னு நீங்களே கண்டுபிடிச்சுக் குடுங்க” என்றாளாம். ஸ்டுடியோக்காரர் அக்காவுக்கு வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

அக்கா போனில் சொன்னபோது குரலை வேண்டுமென்றே லேசாக வைத்துக்கொண்டாள்.

“ஊருக்கெல்லாம் இருட்டு, எனக்கு மட்டும் வெளிச்சம். டாக்டர் கண்ணு நல்லாத்தான் இருக்குங்கறார். அவர் கண்ணை யார் பாக்கறதோ.”

அவள் முடிக்கும் முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் நான் சொன்னது இதுதான்:

“எதுக்கும் இன்னொரு டாக்டரைப் பாரு அக்கா.”

சொன்னபடியே பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு காலை தம்பியோடு விளையாடிக்கொண்டிருந்தேன். “அண்ணா, சுடு. மூலையில நிக்கிறான், பளிச்சுன்னு தெரியறான்,” என்றான். அவனுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

“டேய், இந்தச் சட்டை கறுப்பா, கருநீலமா?”

“துணி மடிக்கிறதுக்கு அது எதுக்கு?”

“அப்பா சட்டையா உன் சட்டையான்னு பாக்கணும். என் கண்ணை நம்ப முடியல, சொல்லேன்.”

என் கை நின்றுவிட்டது. ஆட்டத்தில் செத்துப்போனேன்.

“அக்காகிட்ட குடு,” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி அந்த வசதியை இறக்கப் பட்டனை அழுத்தும் சத்தமும், அவள் அந்த வகுப்புப் படத்தைத் திறக்க மவுஸைத் தட்டும் சத்தமும் கேட்டன.

“பின்வரிசை முழுக்க இருட்டு,” என்றாள். பிறகு, “ஒண்ணுதான்னு சொன்னியே.”

“ஆமா.”

“இன்னொரு டாக்டரைப் பாருன்னியே, அப்பவுமா தெரியும்?”

“தெரியும்.”

“நான் போய்ச் சொன்னா சாக்குன்னுவார். ஸ்டுடியோவுக்கு நீயே பேசு.”

பேசினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணு பத்து நாளா என்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருக்கு. நீ இப்பத்தான் வர்றியா தம்பி?” என்றார். அதே படங்களை அவளையே மறுபடி திருத்தச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பெரியம்மா, கண்ணுக்கு நல்லது என்று இனி எதையும் அவளுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். மாமா, உறவில் யாரிடமெல்லாம் அவள் பார்வையைப் பற்றிச் சொன்னீர்களோ, அவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். அன்றைக்குப் பிறகு அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசு என்று யாரும் அவளை வற்புறுத்த வேண்டாம்.