முத்துவின் சிவப்புப் படுக்கை

வக்கீல் ரங்கையாவின் வெள்ளைக் குதிரை முத்துவுக்குப் படுக்கவும் தெரியும், படுக்கையைத் தின்னவும் தெரியும். சித்தூர் கோர்ட்டுக்கு மற்ற வக்கீல்கள் ஜட்காவில் குலுங்கி வருவார்கள். ரங்கையா மட்டும் முத்துவின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, வெள்ளைக்கார ஜட்ஜே எட்டிப் பார்க்கும்படி வருவார். அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தது முத்துவின் வயிறுதான். மாதம் இரண்டு தடவையாவது, லாயத்தில் விரித்த வைக்கோலை ராத்திரியோடு ராத்திரியாகத் தின்றுவிட்டு, காலையில் வயிறு உப்பிக் கிடக்கும். அன்றைக்கு வக்கீல் நடந்து போவார், பார்க்கிறவன் எல்லாம் சிரிப்பான்.

தசரா விடுமுறைக்குக் கோர்ட் மூடிய அன்று குதிரைக்காரன் அசரியாவைக் கூப்பிட்டார்.

"பதினஞ்சு நாள்ல பலமனேர் கிருஷ்ணப்பா வரான். அதுக்குள்ள இன்னொரு தபா வயித்து வலி வந்துதோ, குதிரைய அவங்கிட்ட வித்துடுவேன்."

கிருஷ்ணப்பா கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறவன். வாணவெடிக்கும் மேளத்துக்கும் நடுவே நின்று நின்றே அவன் குதிரைகள் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும். முத்துவைக் குட்டியிலிருந்து வளர்த்தவன் அசரியா. பெற்ற பிள்ளையை விலை பேசினால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வைக்கோலுக்குப் பதில் வேர்க்கடலைத் தோல் கொட்டினான். முத்து முதலில் மிச்சம் மீதிப் பருப்பைத் தேடியது, பிறகு தோலையே மெல்ல ஆரம்பித்தது. வாரிக் கொட்டிவிட்டுக் கரும்புத் தோகை போட்டான். பலகாரம் வந்துவிட்டதென்று கனைத்தது. உமி போட்டால் மூக்கில் ஏறித் தெரு முழுக்கக் கேட்கத் தும்மியது. மணல் கொட்டினான், முழங்கால் தோல் உரிந்துபோயிற்று.

"மெத்தை தச்சிக் குடுத்துடேன், அது ஒண்ணுதான் பாக்கி" என்றாள் அவன் மனைவி கிருபாவதி.

அந்த வாரம் வக்கீல் ஏதோ காகிதம் கொடுத்து அவனைத் திருப்பதிக்கு ரயிலேற்றி அனுப்பினார். அங்கே செம்மரத்தில் பொம்மை செதுக்கும் திருவேங்கடத்தின் வாசலில் மரத்தூள் குவிந்து கிடந்தது. மெத்தென்று இருந்தது.

"இத்த குதிரை துன்னுமாண்ணா?"

"கரையானே தொடாத கட்டைப்பா. குதிரை எங்க துன்னப் போவுது?"

நான்கு மூட்டையோடு அசரியா திரும்பினான். முத்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தது, முகத்தைச் சுளித்தது, துப்பியது. பிறகு வழக்கம்போல் வலப்பக்கம் சாய்ந்து தூங்கிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயில் ஜெபத்தில் அசரியாவின் பாட்டு ஒரு சுருதி ஏறியே கேட்டது.

மூன்றாம் நாள் முத்துவின் வலது விலா லேசாகச் சிவந்திருந்தது. காலை வெயில் என்று நினைத்தான். வெயில் போன பிறகும் சிவப்பு போகவில்லை. தூளில் மூத்திரம் ஊறிச் சாயம் இறங்கியிருக்கிறது! சலவைச் சோடா போட்டுத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க இன்னும் பளிச்சென்று ஏறியது. தூளை வாரிவிட்டு மறுபடி வைக்கோல் போட்டால் வயிற்று வலி, வயிற்று வலி வந்தால் கிருஷ்ணப்பா. வருவது வரட்டும் என்று தூளையே விட்டுவைத்தான்.

சொன்ன நாளில் கிருஷ்ணப்பா வந்தான். விற்காவிட்டாலும் விலையாவது கேட்டுவைப்போம் என்று வக்கீல் குதிரையை வெளியே கொண்டுவரச் சொன்னார். அசரியா இடப்பக்கம் தெரியும்படி குதிரையைப் பிடித்து நின்றான். வாங்க வந்தவன் ஒரு பக்கத்தோடு விடுவானா? சுற்றிப் போய் விலாவைத் தடவினான். உள்ளங்கை சிவந்துவிட்டது.

"இன்னாப்பா இது?"

மிஷன் கோயில் அசரியாவுக்குப் பொய் வராது. "பொறப்புல வெள்ளைதாங்க. தூங்கி எழுந்தா இப்பிடி ஆயிடுது."

எல்லாம் உண்மைதான். ஆனால் எந்தப் பொய்யும் கிருஷ்ணப்பாவை அவ்வளவு வேகமாக விரட்டியிருக்காது.

"பட்டு வேட்டி கட்டின மாப்பிள்ளைய இதும்மேல ஏத்தினா, எறங்கினதும் என்னைத்தான் ஒதைப்பான்!" என்று வந்த வழியே போய்விட்டான்.

வக்கீல் குதிரையைச் சுற்றி வந்தார். "ஏமிரா இது?"

அசரியா ஒன்றுவிடாமல் சொன்னான்.

"வயித்து வலி?"

"வரவேயில்லீங்க. தங்கமா தூங்குது."

வக்கீல் கைத்தடியைச் சுழற்றிக்கொண்டு கிளப்புக்குப் போய்விட்டார். அசரியா சோற்றை மூடிவைத்துவிட்டு லாயத்துக்குப் போனான். முத்துவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வக்கீல் நேராக லாயத்துக்கு வந்தார்.

"வெள்ளைய வித்துட்டேன், உசந்த சாதியில செவப்புக் குதிரை வாங்கிட்டேன்னு கிளப்புல சொல்லிட்டேன். பாக்காமயே எல்லாரும், பழசைவிட இது எவ்வளவோ மேலுன்றானுங்க."

அசரியா வாயைத் திறந்தான். வக்கீல் கையைக் காட்டி அடக்கினார்.

"நீ ஒண்ணும் பேசாத. கோர்ட்டு தொறக்க இன்னும் நாலு நாள் இருக்குது. இன்னியிலருந்து இத்த எடது பக்கமா படுக்க வை."